ஒரே கடல், நான்கு தாள்

போர்ட் பிளேர், அபர்தீன் பஜார். மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தமிழர் நடத்தும் ஸ்டூடியோ. ஊரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. கடைப் பலகையில் இன்னும் போர்ட் பிளேர்தான். கடைக்காரரின் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், சுற்றுலா வருகிறவர்களுக்குச் சட்டம் போட்ட கடல் படம். பிழைப்பு இதில்தான் ஓடுகிறது.

நான் போயிருந்த அன்று அவர் மேசைமேல் நான்கு பிரிண்டுகளைப் பரப்பினார். நான்கும் ஒரே படம்: ராதாநகர் கடற்கரை, காலை வெயில். ஒரே பிரிண்டர், ஒரே மை, ஒரே ஃபைல். தாள் மட்டும் வேறு வேறு. பளபளக்கும் கிளாஸியில் கடல் ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தது. சில்க்கில் பச்சை ஏறியிருந்தது. கேன்வாஸில் மணல் மஞ்சள் பூத்துக் கிடந்தது. மேட் பேப்பரில் எல்லாமே சாம்பல் பூசியதுபோல மங்கல்.

“மானிட்டர்ல பாருங்க சார், எவ்ளோ அழகா இருக்கு. பேப்பர்ல போட்டா கூவம் மாதிரி வருது. கோளாறு மையிலயா, பிரிண்டர்லயா?”

இரண்டிலும் இல்லை. மைக்கென்று தனியாக ஒரு நிறம் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். பிரிண்டில் நம் கண்ணுக்கு வருவது வெளிச்சம். அது விளக்கிலிருந்து கிளம்பி, மைக்குள் நுழைந்து, அடியிலுள்ள தாளில் பட்டு, மறுபடியும் மை வழியாகவே வெளியேறி வருகிறது. போகும்போதும் வரும்போதும் அதில் ஒரு பங்கை மை தின்றுவிடுகிறது. மிச்சத்தைத் திருப்பி அனுப்புவது தாள். ஆகவே தாள் மாறியும் நிறம் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

நம்பக் கஷ்டமாக இருந்தால் படத்தில் உள்ள கடலையே சாட்சிக்குக் கூப்பிடலாம். ராதாநகர் இருப்பது ஸ்வராஜ் தீவில். 2018 டிசம்பர் வரை அதற்கு ஹேவ்லாக் என்று பெயர். அங்கே ஒரு தம்ளர் கடல்நீரை மொண்டு பார்த்தால் நிறமே இருக்காது. ஆனால் நீர் சிவப்பு வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கக்கூடியது. தரை இரண்டு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று வையுங்கள். வெளிச்சம் இறங்கி ஏற நான்கு மீட்டர். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பில், மணல் விழுங்குவதைத் தள்ளிவைத்தால்கூட, சுமார் கால் பங்குதான் திரும்பி வரும். 450 நானோமீட்டர் நீலத்தில் குறைவது நூற்றுக்கு நான்கு போல மட்டும்தான். சிவப்பைக் கழித்த வெள்ளை என்ன நிறமோ அதுதான் அங்கே தெரிகிறது. பிரிண்டரில் சயான் என்று எழுதிய குப்பியில் இருக்கும் மையும் செய்வது அதையேதான்: சிவப்பைத் தின்னும், மற்றதை விட்டுவிடும்.

ஆக ராதாநகரில் தண்ணீர்தான் மை. பவளமும் சிப்பியும் பொடிந்த வெண்மணல்தான் தாள். ஆழம் கூடக்கூட மை கெட்டிப்படுகிறது. கரையோரம் வெளிறிய பச்சை, கொஞ்சம் தள்ளி மயில்கழுத்து, அதற்கும் அப்பால் கருநீலம். கடற்புல் படர்ந்த இடத்துக்கு வந்தால் அதே தண்ணீர், அதே ஆழம், ஆனால் அடர்பச்சை. அங்கே தாள் மாறிவிட்டது. தீவில் பிறந்து வளர்ந்த கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது ஒரு நிமிஷம் யோசித்தார். “அப்ப கடலுக்கும் பேப்பர் வேணும்கிறீங்க.” ஆமாம் அண்ணே, வேணும்.

இனி தாளுக்கு வருவோம். நான்கு வகைத் தாளையும் எதுவும் அச்சடிக்காமல் வெறுமையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனித்தனியே பார்த்தபோது எல்லாம் வெள்ளை; ஒன்றாக வைத்ததும் ஒன்று நீலம் ஓடிய வெள்ளை, ஒன்று பால் வெள்ளை, ஒன்று சந்தனச் சாயல். நம் வீட்டில் வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதன் தந்திரம் தெரிந்ததே: பழுப்பேறிய துணியில் சற்று நீலம் சேர்த்தால் கண் அதை வெள்ளை என்று ஏற்றுக்கொள்கிறது. போட்டோ பேப்பர்க்காரர்கள் ஒரு படி மேலே போகிறார்கள். டினோபால் வகை வெண்மையூட்டியைத் தாளில் கலக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழும் பொருள் அது. வெயிலில் அந்தத் தாள் ஜொலிக்கும். வெள்ளை எல்இடி பல்புகளில் புற ஊதா அநேகமாக இல்லை. அதன் கீழே அதே தாள் சோர்ந்துபோகும். கடை வாசலில் நீலமாக இருந்த கடல் வீட்டு வரவேற்பறையில் பச்சையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். பட்டுப்புடவை எடுக்கும்போது நம் பெண்கள் கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்பது வெறும் பழக்கமில்லை. அதில் நல்ல இயற்பியல் இருக்கிறது.

அடுத்தது தாளின் மேற்பரப்பு. கரையில் ஈரமாகக் கிடக்கும் சிப்பியைக் கையில் எடுத்தால் கோடுகளும் கருஞ்சிவப்பும் பளிச்சென்று தெரியும். அறைக்கு வருவதற்குள் காய்ந்து வெளிறிவிடும். (எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவது நல்லது, சிப்பியும் பவளமும் அனுமதியின்றி தீவை விட்டு வெளியே போகக் கூடாது.) ஈரச் சிப்பி கிளாஸி பேப்பர், காய்ந்த சிப்பி மேட் பேப்பர். வழவழப்பான பரப்பில் படும் வெளிச்சம் கண்ணாடிபோல ஒரே திசையில் தெறிக்கிறது. நாம் சற்றுச் சாய்ந்து பார்த்தால் அது கண்ணில் படாது. சொரசொரப்பான பரப்பில் அது எல்லாத் திசையிலும் சிதறுகிறது. அதில் ஒரு பங்கு எப்படியும் நம் கண்ணுக்கு வந்து, கறுப்பின்மேல் வெள்ளைப் புகைபோலப் படிகிறது. சுழியம் முழுக்கறுப்பு, நூறு முழுவெள்ளை என்று அளந்தால், நல்ல கிளாஸி தாளில் கறுப்பு 3 முதல் 6 வரை இறங்கும். மேட்டில் 15க்குக் கீழே போவதே பெரும்பாடு. எவ்வளவு மை ஊற்றினாலும் இதுதான். கடைக்காரர் ஊற்றித்தான் பார்த்திருக்கிறார். தாள் அப்பளம்போல நெளிந்ததுதான் மிச்சம்.

மை எவ்வளவு ஊற்றுவது என்பதைத் தீர்மானிப்பது பிரிண்டர் மெனுவில் இருக்கும் ‘பேப்பர் வகை’ என்ற ஒரு வரி. அதில் கிளாஸி என்று தேர்ந்தெடுத்தால் ஒரு அளவு, மேட் என்றால் வேறு அளவு. அவர் நான்கு தாளுக்கும் ஒரே தேர்வையே வைத்திருந்தார். பழக்கத்தில் வந்த தவறு. யாரும் சொல்லித்தருவதும் இல்லை.

சரி, தாளின் வெண்மை தெரியும், மையின் குணம் தெரியும். உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட முடியாதா? 1937இல் நியூகிபவர் என்பவர் அதற்குச் சமன்பாடே எழுதினார். மைப்புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் வாய்ப்புகளைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றின் பரப்பையும் கூட்டினால் மொத்த நிறம் வர வேண்டும். நடைமுறையில் விடை கொஞ்சம் தப்பியது. புள்ளியின் ஓரத்தில் தாளுக்குள் நுழைந்த வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே பக்கவாட்டில் நகர்ந்து, பக்கத்துப் புள்ளியின் அடியிலிருந்து வெளியே வருகிறது. ஆகவே புள்ளிகள் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். 1951இல் யூலும் நீல்சனும் இதற்கொரு திருத்தம் தந்தார்கள். அந்தத் திருத்த எண்ணும் தாளுக்குத் தாள் மாறும்; அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். எப்படியும் அளக்கத்தான் வேண்டும் என்றால் நேராக நிறத்தையே அளந்துவிடலாமே. ப்ரொஃபைல் என்ற ஏற்பாடு இந்த இடத்தில்தான் வருகிறது.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தாரல்லவா, அந்த வேலைதான் ப்ரொஃபைலுக்கும். மானிட்டர் பேசுவது ஒரு மொழி. பிரிண்டர் ஒவ்வொரு தாளிலும் ஒரு மொழி பேசுகிறது. “சிவப்பு 0, பச்சை 180, நீலம் 190” என்று கம்ப்யூட்டர் சொன்னால், இந்தத் தாளில் அது என்ன நிறமாக வந்து விழுகிறது என்று எழுதிவைத்த அகராதிதான் ப்ரொஃபைல். ஒவ்வொரு இரண்டு கருவிக்கும் இடையே தனி அகராதி எழுதினால் கட்டுப்படியாகாது. அதனால் நடுவில் ஒரு பொதுமொழி. 1931இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் சராசரி மனிதக் கண்ணை எண்களாக வரையறுத்தது. 1976இல் அதிலிருந்து எல்-ஏ-பி என்ற அளவுமுறை வந்தது. எல் என்பது வெளிச்சம். ஏ பச்சையிலிருந்து சிவப்புக்கு. பி நீலத்திலிருந்து மஞ்சளுக்கு. வெண்மையூட்டி கலந்த கிளாஸி தாளின் பி எண் சுழியத்துக்குக் கீழே போகும். கலக்காத பருத்தித் தாளில் சுழியத்துக்கு மேலே நிற்கும். நான்கு வெள்ளைகள் நான்கு எண்களாகிவிட்டன. 1993இல் அடோபி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கோடக் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் கூடி, இந்த அகராதி எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தன. ப்ரொஃபைல் ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் ஐசிசி என்று வருவது அந்தக் கூட்டமைப்பின் பெயர்.

பிரிண்டருக்கு அனுப்பக்கூடிய எண் கூட்டணிகள் 256ஐ மூன்று முறை பெருக்கிய அளவு, அதாவது 1,67,77,216. அத்தனையையும் அச்சடித்து அளந்தால் ஆயுசு போதாது. சில நூறு நிறக் கட்டங்களை மட்டும் அச்சடித்து அளந்து, இடைப்பட்டவற்றைக் கணக்கிட்டு நிரப்புகிறார்கள். நாங்கள் ஒவ்வொரு தாளிலும் 918 கட்டங்கள் அச்சடித்தோம். அச்சடிக்கும்போது பிரிண்டரின் சொந்தத் திருத்தங்களையெல்லாம் அணைத்துவிட வேண்டும்; மெனுவில் ‘நிறத் திருத்தம் வேண்டாம்’ என்ற வரி இருக்கும். டாக்டரிடம் போகிறவர் மாத்திரை போட்டுக் காய்ச்சலைத் தணித்துக்கொண்டு போகக் கூடாது என்பதுபோல.

பிறகு காத்திருப்பு. கையேடுகள் சாவகாசமாக ஒரு மணி நேரம் காயவிடச் சொல்லும். அவை எழுதப்பட்ட ஊர்களில் அந்தமான் மழை பெய்வதில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, சுற்றிலும் கடல். காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கிறது. மையிலுள்ள கிளைக்கால் வகைத் திரவங்கள் வெளியேறும்வரை நிறம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பொறுமையில்லாமல் அன்று மாலையே ஒரு தாளை அளந்தேன். மறுநாள் காலை அதையே அளந்தபோது அடர்நீலக் கட்டங்களின் எண்கள் ஒத்துவரவில்லை. முதல் நாள் வேலை வீண். மறுபடி அச்சடித்த தாள்களை ஃபேன் போட்ட அறையில் கொடி கட்டி, கிளிப் மாட்டி, ஒரு முழு நாள் தொங்கவிட்டோம். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த ஒரு பெரியவர், இது என்ன கோயில் தோரணமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஈரத்தோடு மல்லுக்கட்டுவது இந்தத் தீவுக்குப் புதிதில்லை. 1879இல் இங்கே அதிகாரியாக வந்த மாரிஸ் விடால் போர்ட்மேன், 1890களில் அந்தமான் பழங்குடிகளை நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். படம் எடுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கும் உரிமை இருக்கவில்லை. அளவுக்கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்தப்பட்டார்கள். அந்தப் படங்களை இன்று பார்க்கும்போது அந்த நினைப்பை ஒதுக்கிவைக்க முடியவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போன அந்தப் படங்கள் பிளாட்டினம் பிரிண்டுகள். அந்த முறையில் உருவம் தாளின்மேல் ஒரு பூச்சாக ஒட்டுவதில்லை. நாரிழைக்குள்ளேயே உலோகத் துகளாகப் படிகிறது. பளபளப்பு இல்லை, எளிதில் மங்குவதும் இல்லை. ஆனால் அச்சிடுவதற்கு முன் அந்தத் தாளுக்கு ஈரம் ஆகவே ஆகாது. கால்சியம் குளோரைடு போட்டு மூடிய தகர டப்பாக்களில் அதைக் காப்பாற்றுவது அன்றைய வழக்கம். நம் கடைக்காரர் பேப்பர் பாக்கெட்டுகளை பீரோவில் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருக்கிறார். நூற்று முப்பது வருஷத்தில் ஈரம் உறிஞ்சும் பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

அளக்கும் கருவி ஒரு நிறமாலைமானி. கையடக்கமானது. முதலில் தன் வெள்ளை ஓட்டின்மேல் உட்கார்ந்து தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். பிறகு கட்டங்களின் வரிசைமேல் அதை ஒரே சீராக இழுக்க வேண்டும். 45 பாகைச் சாய்வில் வெளிச்சம் பாய்ச்சி, நேர்மேலிருந்து பார்த்து, 380 முதல் 730 நானோமீட்டர் வரை பத்துப் பத்தாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் 36 எண்கள் எடுக்கிறது. அவசரமாக இழுத்தால் கீச்சென்று கத்தும். திரும்ப இழுக்க வேண்டும். அரை மணியில் கடைப்பையன் என்னைவிட நன்றாக இழுக்கப் பழகிவிட்டான். எண்களை ப்ரொஃபைலாக மாற்ற ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரீம் கில் எழுதிய ஆர்கில் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினோம். பொத்தான், படம் எதுவும் இல்லாமல் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்ட வேண்டிய மென்பொருள். முதலில் மிரட்டும், பழகினால் விடமாட்டீர்கள்.

அகராதி தயார். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் எல்லா மொழியிலும் நிகர்ச்சொல் இருப்பதில்லை. மானிட்டரில் ஒளிரும் சில நிறங்கள் மேட் தாளில் கிடையவே கிடையாது. அப்போது என்ன செய்வது? ஒரு வழி, அச்சடிக்கக்கூடிய நிறங்களை அப்படியே விட்டுவிட்டு, எல்லை தாண்டியவற்றை மட்டும் எல்லைக்கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவது. இன்னொரு வழி, மொத்தப் படத்தையும் சற்றே சுருக்கி, நிறங்களுக்குள் உள்ள உறவு கெடாமல் உள்ளே கொண்டுவருவது. ராதாநகர் படத்தை மேட் தாளில் முதல் வழியில் போட்டபோது அலைகளின் நுட்பமான படிகள் அழிந்து கடல் ஒரே பட்டையாகிவிட்டது. இரண்டாவது வழியில் கடல் சற்று அடங்கியது, ஆனால் அலை அலையாகவே இருந்தது. கல்யாண ஆல்பத்துக்கு முதல் வழி, கடலுக்கு இரண்டாவது வழி என்பது என் கணிப்பு. இதைக் கருவி சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும்.

எல்லை மீறுவது எப்போதும் பிரிண்டரின் குறைதான் என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண மானிட்டர்களும் கேமராக்களும் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லை 1996இல் அன்றைய கம்ப்யூட்டர் மானிட்டர்களை மனதில் வைத்து வரையப்பட்டது. அதன் பலவீனமான மூலை எது தெரியுமா? சயான் பக்கம். அதாவது ராதாநகர் கடலின் பக்கம். ஆழ்ந்த மயில்கழுத்தைச் சொல்ல அங்கே சிவப்பின் எண் சுழியத்துக்கும் கீழே போயாக வேண்டும். எந்தத் திரையாலும் ‘மைனஸ் சிவப்பை’ ஒளிர்விக்க முடியாது. ஆனால் கிளாஸி தாள்மேல் விழுந்த சயான் மை அந்த எல்லையைத் தாண்டிச் சில அடி நடக்கிறது. மானிட்டரில் தெரியாத ஒரு கடல் நிறம் தாளில் வரும் என்று சொன்னால் ஸ்டூடியோக்காரர்கள் சிரிக்கிறார்கள். அண்ணனும் சிரித்தார், அடோபி ஆர்ஜிபி என்ற இன்னும் விரிந்த நிற எல்லையில் வைத்திருந்த ஒரு படத்தைப் போட்டுக் காட்டிய பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

நான்கு தாளையும் அதனதன் ப்ரொஃபைலுடன் மறுபடி அச்சடித்து வாசலில் வைத்தோம். நான்கும் ஒன்றாகிவிடவில்லை, ஆகவும் ஆகாது. மேட்டில் நிழல் இன்னும் மெலிவுதான், கேன்வாஸின் மணலில் இன்னும் ஒரு சந்தனச் சாயல். ஆனால் நான்கிலும் இருப்பது ஒரே கரை என்று இப்போது சொல்ல முடிந்தது. அவருக்குப் பிடித்தது சில்க். எனக்கு மேட், கடலைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் நினைவில் நிற்கும் நிறம் அதில் இருந்தது.

ப்ரொஃபைல் ஃபைல்களுக்குப் பெயர் வைக்கும்போதுதான் அண்ணன் கேட்டார்: “அடுத்த கப்பல்ல வேற கம்பெனி பேப்பர் வந்தா?” சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் சுமார் 1,370 கிலோமீட்டர், கப்பலுக்கு மூன்று நாள் போல. கேட்ட தாள் வராது, வந்த தாளை வாங்க வேண்டும். தாள் மாறினால் ப்ரொஃபைல் செல்லாது. மை கம்பெனி மாறினாலும் செல்லாது. சொந்தக் கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: கட்டங்களை அச்சடித்து, நன்றாகக் காயவிட்டு, அளந்து தருபவர்களுக்குத் தபாலில் அனுப்பலாம், ஃபைல் மின்னஞ்சலில் வரும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து வரும் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்படுவதற்கு முன் ஒரு சிறு ஃபைலுக்குக்கூட இங்கே காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. இப்போது தாமதம் போகிற வழியில் மட்டும்தான். ஃபைல் பெயரில் பிரிண்டர், மை, தாள், மெனுவில் தேர்ந்தெடுத்த பேப்பர் வகை, அளந்த மாதம் எல்லாவற்றையும் எழுதிவைத்தோம். பெயர் ரயில்பெட்டி நீளத்துக்குப் போய்விட்டது. பரவாயில்லை, ஆறு மாதம் கழித்து அதுதான் காப்பாற்றும்.

அந்தமான் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். படகிலிருந்து இறங்கும்முன் கேமராவின் மெனுவைத் திறந்து படங்களை, நிறங்களை வெட்டாமல் சேமிக்கும் ‘ரா’ வடிவில் எடுக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் அடோபி ஆர்ஜிபிக்காவது மாற்றுங்கள். எஸ்ஆர்ஜிபியில் எடுத்த ஜேபெக் படத்தில் வெட்டுப்பட்ட மயில்கழுத்தை எந்தத் தாளாலும், எந்த ப்ரொஃபைலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.